வகுப்பில் எப்படி இருக்க வேண்டும் என்று யார் சொல்லித் தருகிறார்கள்?

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் மாணவர் கைக்கு ஒரு கையேடு வரும். காலேஜ் காலண்டர் என்பார்கள். அதில் ஒழுங்கு விதிகள் நாலைந்து பக்கம் இருக்கும். மணி அடிக்கும் முன் வகுப்பில் இருக்க வேண்டும். ஆசிரியர் உள்ளே வந்தால் எழுந்து நிற்க வேண்டும். அடையாள அட்டை கழுத்தில் தொங்க வேண்டும். ஜீன்ஸ், டி-சர்ட் கூடாது. செல்போன் பிடிபட்டால் பறிமுதல். வராந்தாவில் கும்பலாக நிற்கக் கூடாது. வருகை 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் ஹால் டிக்கெட் இல்லை. மாணவரும் பெற்றோரும் கையெழுத்துப் போட்டுத் தர ஓர் உறுதிமொழிப் படிவமும் உண்டு.

வகுப்புக்கு வரும் முன் என்ன படித்துவிட்டு வர வேண்டும்? பாடம் நடக்கும்போது புரியாவிட்டால் அங்கேயே கையைத் தூக்கலாமா, முடியும்வரை பொறுத்திருக்க வேண்டுமா? ஆசிரியர் சொன்னது புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் அதை எப்படிச் சொல்வது? ஒரு மணி நேரப் பேச்சில் எதைக் குறித்துக்கொள்வது, எதை விடுவது? துறை அறைக்குப் போய் ஆசிரியரைப் பார்க்க என்ன காரணம் வேண்டும்? மூன்று ஆண்டுகளும் மாணவர் செய்ய வேண்டிய வேலை இவைதான். இவற்றைப் பற்றிப் பெரும்பாலான கையேடுகளில் ஒரு வரிகூட இருப்பதில்லை.

மாணவரின் உடம்பு எங்கே, எந்த உடையில், எத்தனை மணிக்கு இருக்க வேண்டும் என்பதை நம் கல்லூரிகள் விதியாக எழுதிவிட்டன. அவர் மனம் அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதவும் இல்லை, சொல்லவும் இல்லை. படித்த பெற்றோருக்குப் பிறந்தவர்களும் நல்ல பள்ளியிலிருந்து வந்தவர்களும் சொல்லாமலே அதைத் தெரிந்துகொண்டு விடுகிறார்கள். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறியவர் தெரியாமலே மூன்று ஆண்டையும் முடித்துவிடுகிறார். வகுப்பறை நடத்தை பற்றி நாம் கவலைப்பட வேண்டிய இடம் இது என்று நினைக்கிறேன்.

வகுப்பறை ஒழுங்கு என்று இன்று நாம் சொல்வது என்றைக்கும் இதே வடிவில் இருந்ததில்லை. ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகங்களில் ஒன்று இத்தாலியில் இருக்கும் போலோனியா. அங்கே சட்டம் படிக்க வந்தவர்கள் பெரும்பாலும் வயதில் வளர்ந்த, வசதியுள்ள வெளியூர்க்காரர்கள். அவர்கள் சங்கமாகச் சேர்ந்துகொண்டு ஆசிரியர்களுக்குக் கட்டணம் கொடுத்தார்கள். ஆகவே விதிகளையும் அவர்களே எழுதினார்கள். மணி அடித்ததும் ஆசிரியர் பாடத்தைத் தொடங்க வேண்டும். அடுத்த மணிக்கு நிறுத்திவிட வேண்டும். எந்த அத்தியாயத்தையும் தாண்டிப் போகக் கூடாது. சிக்கலான இடத்தை வகுப்பு முடியும் நேரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது. ஊரைவிட்டுப் போவதானால் திரும்பி வருவதற்குப் பிணையாகப் பணம் கட்டிவிட்டுப் போக வேண்டும். முறையான வகுப்புக்கு ஐந்து பேர்கூட வராவிட்டால் ஆசிரியரே வரவில்லை என்று கணக்கு வைத்து அவருக்கு அபராதம் போட்டார்கள்.

பாரிஸில் நிலைமை நேர் எதிர். அங்கே அதிகாரம் ஆசிரியர்களின் சங்கத்திடம் இருந்தது. 1355-இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலம் ஒரு சட்டம் இயற்றியது. மாணவர்கள் வரிக்கு வரி எழுதிக்கொள்ளும்படி ஆசிரியர்கள் நிறுத்தி நிறுத்திச் சொல்லக் கூடாது. இயல்பான வேகத்தில் பேச வேண்டும். கேட்பவர்கள் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றது அந்தச் சட்டம். இதை எதிர்த்துக் கூச்சல் போடுபவர்கள், சீறி ஒலி எழுப்புபவர்கள், தாங்களாகவோ வேலையாட்களை ஏவியோ கல்லெறிபவர்கள் ஓராண்டு விலக்கி வைக்கப்படுவார்கள் என்றும் சொன்னது. கல்லெறியும் அளவுக்கு மாணவர்கள் வேண்டி நின்றது டிக்டேஷன்! அறுநூற்று எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. நோட்ஸ் சொல்லி எழுதவைப்பவரே நல்ல ஆசிரியர் என்று நம் மாணவர்களில் பலர் இன்றும் நினைக்கிறார்கள். பரீட்சை நெருங்கும்போது அவர்கள் நினைப்பதில் நியாயமும் இருக்கிறது. அதற்கான காரணத்தைப் பிறகு பார்ப்போம்.

தமிழில் இந்தப் பொருளை நேராக எடுத்துப் பேசிய நூல் நன்னூல். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கணம். அதன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணாக்கர் எப்படி இருக்க வேண்டும், பாடம் சொல்வது எப்படி, கேட்பது எப்படி என்றெல்லாம் தனித்தனியே சொல்லப்பட்டிருக்கிறது. பள்ளியில் தமிழ் படித்த யாருக்கும் அதில் ஒரு பகுதி நினைவிருக்கும். சொன்னபின் உட்கார வேண்டும், கேட்டபின் பேச வேண்டும், சித்திரத்தில் எழுதிய உருவம்போல அசையாமல் இருக்க வேண்டும், போ என்றபின் போக வேண்டும் என்பது அந்தப் பகுதி. மேடைகளிலும் கல்லூரி விழாக்களிலும் எடுத்துச் சொல்லப்படுவதும் இதுதான். பணிவுக்கும் அமைதிக்கும் மரபின் சாட்சியாக இது காட்டப்படுகிறது.

அடுத்த சில நூற்பாக்களை யாரும் மேடையில் சொல்வதில்லை. கேட்டதைத் திரும்ப நினைத்துப் பார்ப்பது, ஐயத்தை ஆசிரியரிடம் வினவுவது, தன்னை ஒத்தவர்களோடு சேர்ந்து பயில்வது, ஒருவருக்கொருவர் வினா எழுப்பி விடை சொல்வது ஆகியவற்றையும் மாணாக்கரின் கடமையாகவே பவணந்தி வைக்கிறார். அதோடு நிற்காமல் கணக்கும் போடுகிறார். ஆசிரியர் சொன்னதை முழுமையாக உள்வாங்கிக்கொண்டாலும் மாணவருக்குக் கிடைப்பது கால்பங்குப் புலமைதான். உடன் படிப்பவர்களோடு பழகிப் பயில்வதில் இன்னொரு கால். தான் கற்றதைப் பிறருக்கு எடுத்து விரித்துச் சொல்லும்போதுதான் மிச்சமுள்ள அரைப்பங்கும் வந்து சேரும் என்கிறார்.

இலக்கணம் கற்ற ஒருவர் எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் போட்ட கணக்கு இது. இதன்படி பார்த்தால் அசையாமல் உட்கார்ந்து கேட்பதற்கான விதிகள் எல்லாம் அந்த முதல் கால்பங்குக்கு உரியவை. முக்கால்பங்குக்கு மாணவர் வாய் திறந்தாக வேண்டும். நாம் மரபிலிருந்து எடுத்துக்கொண்டது கால், விட்டுவிட்டது முக்கால். மாணவர் கேள்வி கேட்பதை மேற்கத்தியப் பழக்கம் என்று சொல்லி ஒதுக்குபவர்கள் நன்னூலின் அந்தப் பக்கத்தை இன்னொருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

அந்த முக்கால் எங்கே தொலைந்தது என்பதற்கு நம் பல்கலைக்கழகங்கள் பிறந்த விதத்தில் ஒரு விடை இருக்கிறது. 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டபோது லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டார்கள். அன்று அது பாடம் நடத்தும் இடமாக இல்லை. தேர்வு வைத்துப் பட்டம் தரும் அலுவலகமாக இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகமும் அப்படியே. பாடம் இணைப்புக் கல்லூரிகளில் நடக்கும். கேள்வித்தாள் வேறெங்கோ தயாராகும். விடைத்தாளை வேறு யாரோ திருத்துவார்கள். லண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே கல்லூரியில் படித்ததற்கான சான்று இல்லாமலும் தேர்வு எழுதலாம் என்று பெரும்பாலான பட்டங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. இங்கே கல்லூரியின் வருகைச் சான்று கட்டாயமாகவே நின்றது.

இதன் விளைவு இன்றுவரை நீள்கிறது. வகுப்பில் என்ன பேசப்பட்டது, யார் என்ன கேட்டார் என்பது பட்டத்தைத் தீர்மானிப்பதில்லை. வெளியில் இருந்து வரும் கேள்வித்தாள் தீர்மானிக்கிறது. வகுப்பு செய்யக்கூடியது இரண்டு: வந்தார் என்று சான்று தருவது, அந்தக் கேள்வித்தாளுக்குத் தயார் செய்வது. இந்த அமைப்புக்குள் நோட்ஸ் கேட்கும் மாணவரைச் சோம்பேறி என்று திட்டுவது அநியாயம். அவருக்கு வைக்கப்பட்ட போட்டி எதுவோ அதற்கு அவர் தயாராகிறார், அவ்வளவுதான்.

இதைக் கல்விக் குழுக்கள் அறியாமல் இல்லை. மைக்கேல் சாட்லர் தலைமையில் 1917 முதல் 1919 வரை இயங்கிய கல்கத்தாப் பல்கலைக்கழகக் குழு, தேர்வின் ஆதிக்கம் கற்பித்தலைக் கெடுத்துவிட்டதை விரிவாகவே எழுதியது. 1948-49-இல் ராதாகிருஷ்ணன் குழு, பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் தேர்வு முறையில்தான் கைவைக்க வேண்டும் என்ற அளவுக்குப் போனது. விரிவுரையோடு சிறு குழுக்களில் உரையாடலும், நூலக வேலையும், எழுத்துப் பயிற்சியும் சேர வேண்டும், இன்ன புத்தகம்தான் என்று பாடநூல் விதிக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. இளநிலை மாணவருக்கு வகுப்பு வருகை கட்டாயமாகத் தொடரட்டும் என்றும் சொன்னது. இந்தப் பரிந்துரைகளில் எது நாடெங்கும் உறுதியாக நடைமுறையில் நின்றது என்று பாருங்கள். வருகை நின்றது. மற்றவை சில நல்ல கல்லூரிகளோடு முடிந்துபோயின.

காலனியக் கல்லூரியில் ஒழுங்கு என்பதற்கு இன்னொரு முகமும் இருந்தது. 1916 ஜனவரியில் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர் ஓட்டன் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது வராந்தாவில் மாணவர்கள் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். அவர் வெளியே வந்து அவர்களைப் பிடித்துத் தள்ளினார். வேலைநிறுத்தம் நடந்தது, பிறகு ஒரு சமரசம். பிப்ரவரியில் மீண்டும் தகராறு வந்து மாணவர்கள் சிலர் அவரை அடித்தார்கள். அதையொட்டிக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டவர்களில் ஒருவர் சுபாஷ் சந்திர போஸ். ஆளும் இனத்தைச் சேர்ந்தவர் ஆசிரியராகவும் ஆளப்படும் இனத்தைச் சேர்ந்தவர் மாணவராகவும் இருந்த இடத்தில் வராந்தாச் சத்தம்கூட அதிகாரப் பிரச்சினை ஆனது. அடிப்பதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அமைதி என்ற விதியைப் படிப்புக்காகவும் போடலாம், அடங்கியிருப்பதற்காகவும் போடலாம் என்பதை அந்த நிகழ்ச்சி காட்டிவிடுகிறது. நமக்கு வந்து சேர்ந்த கையேட்டில் இரண்டும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன.

இன்றைய வகுப்பறை ஒன்றுக்குள் போவோம். அரசு கலைக் கல்லூரி, மதிய ஷிப்ட், பொருளியல் இரண்டாம் ஆண்டு. அறுபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். இடப்பக்க பெஞ்சுகளில் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். தேவை நெகிழ்ச்சி நடக்கிறது. விலை 10 விழுக்காடு ஏறினால் வாங்கும் அளவு 20 விழுக்காடு குறைகிறது, ஆகவே நெகிழ்ச்சி 2 என்று ஆசிரியர் பலகையில் போடுகிறார். திரும்பிப் பார்த்து “புரிஞ்சுதா?” என்கிறார். “புரிஞ்சுது சார்” என்று வகுப்பே சொல்கிறது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் சொல்லவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவளிடம் குனிகிறாள். “ஏய், ஒண்ணு ஏறுது, ஒண்ணு குறையுது. அப்போ மைனஸ் வரணும்ல? சார் வெறும் 2ன்னு போட்டிருக்காரு?” ஆசிரியர் காதில் முணுமுணுப்பு மட்டும் விழுகிறது. “அங்க என்னம்மா பேச்சு? எழுந்திரு.” எழுந்து நிற்கிறாள். என்ன பேசினாள் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பாடம் தொடர்கிறது.

அந்த ஒரு மணி நேரத்தில் வகுப்பில் பிறந்த மிக நல்ல கேள்வி அது. விலையும் தேவையும் எதிரெதிர்த் திசையில் போவதால் விடையில் கழித்தல் குறி வரத்தான் வேண்டும். எழுத்து வசதிக்காகப் பொருளியலார் அதை விட்டுவிட்டு அளவை மட்டும் சொல்லும் வழக்கம் வைத்திருக்கிறார்கள். அவள் அதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். ஒழுங்கு விதியின்படி வகுப்பில் பேசியது குற்றம். நன்னூல் கணக்கின்படி அவள் உடன் படிப்பவளிடமிருந்து கால்பங்கைப் பெற முயன்றாள். “புரிஞ்சுது சார்” என்ற மற்றவர்கள் நன்னடத்தை உள்ளவர்களாகவே அன்று வீட்டுக்குப் போனார்கள்.

இந்தக் கூட்டுக்குரல் நம் ஊருக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். டேவிட் கார்ப், வில்லியம் யோல்ஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழக வகுப்புகளில் உட்கார்ந்து யார் பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்து 1976-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாற்பது பேருக்குக் குறைந்த வகுப்பில் நாலைந்து பேர்தான் பேச்சின் முக்கால்பங்கைப் பேசினார்கள். பெரிய வகுப்புகளில் இரண்டு மூன்று பேரே பாதிக்குமேல் பேசினார்கள். மற்றவர்கள் கவனிப்பதுபோல் இருந்தார்கள்: ஆசிரியரைப் பார்ப்பார்கள், தலையசைப்பார்கள், எழுதுவார்கள். மரியாதை கெடவில்லை, வகுப்பும் கெடவில்லை. பேசும் வேலையை அந்த நாலைந்து பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் சொல்லிக்கொள்ளாமலே ஒப்புக்கொண்டிருந்தார்கள், ஆசிரியர் உட்பட. கவனிப்பதுபோல் தோன்றுவது வேறு, கவனிப்பது வேறு என்று அந்த ஆய்வு பிரித்துக் காட்டியது. நம் விதிகள் எல்லாம் முதலாவதைத்தான் அளக்கின்றன.

ஆசிரியர் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்பதை மேரி பட் ரோ என்ற கல்வியியலாளர் 1970களில் அமெரிக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளில் அளந்து பார்த்தார். சராசரி ஒரு வினாடிதான். அதை மூன்று வினாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, காரணத்தோடு வந்தன, அதுவரை வாயே திறக்காத பிள்ளைகள் பேசினார்கள், மாணவர்களே கேள்விகளும் கேட்கத் தொடங்கினார்கள். அது பள்ளி வகுப்பு. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய கல்லூரி மாணவருக்கு மூன்று வினாடி போதுமா என்பதை நாமே யோசித்துக்கொள்ளலாம்.

மாணவர் கேட்பது, பேசுவது, சேர்ந்து கணக்குப் போடுவது ஆகியவற்றுக்கு இடம் கொடுத்தால் என்ன ஆகும்? ஸ்காட் ஃப்ரீமனும் உடன் ஆய்வாளர்களும் அறிவியல், பொறியியல், கணிதப் படிப்புகளில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்டார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி சராசரியாக 33.8 விழுக்காடு, மாணவர் ஏதாவது ஒரு வகையில் வகுப்பிலேயே வேலை செய்தவற்றில் 21.8 விழுக்காடு. நூறு பேர் வகுப்பில் பன்னிரண்டு பேர் அரியரிலிருந்து தப்புகிறார்கள். ஒழுங்காக உட்காரவைப்பதற்கு நாம் கொடுக்கும் விலையை அந்தப் பன்னிரண்டு பேர் கட்டுகிறார்கள்.

வருகை விதிக்கு வருவோம். வகுப்புக்கு வருவதற்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு உண்டா என்றால் நிச்சயமாக உண்டு. மார்க்கஸ் கிரெடே முதலியோர் 2010-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், கல்லூரி மதிப்பெண்ணை முன்கூட்டிச் சொல்வதில் நுழைவுத்தேர்வைவிடவும் வருகையே வலுவாக இருந்தது. ஆனால் வருகையைக் கட்டாயம் ஆக்குவதால் சராசரி மதிப்பெண்ணில் கிடைத்த ஏற்றம் சிறிதுதான். வர விரும்பி வருபவரும் ஹால் டிக்கெட்டுக்காக வருபவரும் ஒரே பலனைப் பெறுவதில்லை என்று இதைப் புரிந்துகொள்கிறேன். நம் கல்லூரிகளில் ஒரு நண்பன் இன்னொருவனுக்காக ‘பிரசன்ட்’ சொல்வதும், ஓ.டி. (ஆன் டியூட்டி) வாங்குவதும், மருத்துவச் சான்று கொடுத்துக் கண்டோனேஷன் கட்டணமும் கட்டி 65-ஐ 75 ஆக்குவதும் எல்லோரும் அறிந்தவை. 75 என்ற எண்ணை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பகுதிநேர வேலைக்குப் போகும் பிள்ளைகளைக் கல்லூரியோடு பிடித்து வைக்கும் கயிறு பல இடங்களில் அது ஒன்றுதான். எடுத்துவிட்டால் முதலில் காணாமல் போவது அவர்கள்தான். வந்த பிறகு அந்த ஐம்பது நிமிடத்தில் அவருக்கு என்ன வேலை இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

செல்போன் விதியில் நான் கல்லூரிகளின் பக்கம். கனடாவில் ஃபாரியா சானாவும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட சோதனையில், வகுப்பு நடக்கும்போது லேப்டாப்பில் வேறு வேலை பார்த்தவர்களின் மதிப்பெண் குறைந்தது. அதில் வியப்பில்லை. அந்தத் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்து ஒழுங்காகக் கையால் எழுதிக்கொண்டிருந்தவர்களின் மதிப்பெண்ணும் 17 விழுக்காடு குறைந்தது. பக்கத்தில் இருப்பவரின் படிப்பைக் கெடுக்கும் செயலை விதி போட்டுத் தடுக்கக் கல்லூரிக்கு உரிமை இருக்கிறது. தாமதமாக வந்து பாடத்தைக் குலைப்பது, பேசுபவரைக் கேலி செய்வது, தவறாக ஆங்கிலம் பேசியவரைப் பார்த்துச் சிரிப்பது எல்லாம் இதே வகையில் சேரும். கடைசியாகச் சொன்ன சிரிப்பை எந்தக் கல்லூரி விதியிலும் நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு சிரிப்பால் மூன்று ஆண்டும் வாயை மூடிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஜீன்ஸ் எந்தப் பக்கத்து மாணவரின் படிப்பைக் கெடுக்கிறது? 2005-இல் அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளில் ஜீன்ஸ், டி-சர்ட், செல்போன் மூன்றையும் ஒரே மூச்சில் தடை செய்தது. இந்த மூன்றும் ஒரே பட்டியலில் இருந்ததே விதி எழுதுபவர்கள் படிப்பையும் தோற்றத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்கு அடையாளம்.

இதையெல்லாம் இன்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு 2022 முதல் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், ஆண்களுக்கு 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் என்று வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கும் வேலையை இந்த மாநிலம் தொடர்ந்து செய்துவருகிறது. பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வந்தபின் அந்த மாணவருக்கு யாரும் எதையும் விளக்குவதில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர் முதல் நாளே ஆங்கிலத்தில் பாடம் கேட்கிறார். ராத்திரி கேட்டரிங்கில் பரிமாறிவிட்டு வந்தவருக்குக் கண் சொக்கினால் அது ஒழுங்கீனம். ஆசிரியரைத் தனியே பார்க்கப் போவது என்றால் ஏதோ தப்பு செய்துவிட்டுக் கூப்பிடப்பட்டது என்றுதான் பள்ளியில் அவர் பழகியிருக்கிறார்.

ஆந்தனி ஆபிரகாம் ஜாக் என்ற அமெரிக்க ஆய்வாளர் பெயர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கும் ஏழை மாணவர்களைப் பற்றி 2019-இல் வெளியிட்ட நூலிலும் இதே காட்சி வருகிறது. மாணவர் வந்து பார்க்கலாம் என்று பேராசிரியர்கள் நேரம் ஒதுக்கி அறிவித்திருப்பார்கள். அது எதற்கு என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் உரிமையோடு போய் உட்கார்ந்து பேசிப் பரிந்துரைக் கடிதம்வரை வாங்கிவிடுவார்கள். சாதாரணப் பள்ளியிலிருந்து வந்த ஏழை மாணவர்களோ, போனால் தொந்தரவாக நினைப்பார்கள், படித்து நல்ல மதிப்பெண் வாங்கினால் போதும் என்று ஒதுங்கிவிடுவார்கள். ஒதுங்கி இருப்பதைத்தான் அவர்கள் மரியாதை என்று வீட்டில் கற்றிருந்தார்கள். நம் பிள்ளைகளுக்கும் இது அப்படியே பொருந்தும். அமைதியாக இருப்பவர் நல்ல பிள்ளை என்று பன்னிரண்டு ஆண்டு சொல்லிக் கொடுத்துவிட்டு, வளாக நேர்காணலில் வாய் திறக்கவில்லை என்று அவரைக் கழிப்பது கொடுமை.

ஆசிரியர்களின் சிரமத்தை மறந்துவிட்டு இதைப் பேசக் கூடாது. அரசுக் கல்லூரிகளில் பாதி வகுப்பைத் தொகுப்பூதியத்தில் இருக்கும் கௌரவ விரிவுரையாளர்கள் தாங்கிக்கொண்டிருக்கும் துறைகள் உண்டு. அறுபது, எழுபது பேர் வகுப்பில் ஒவ்வொருவரையும் பேசவைப்பது எளிதில்லை. ஆனால் எளிதான சில வழிகள் இருக்கத்தான் செய்கின்றன. ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மாசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து பெரிய வகுப்புகளில் செய்துவருவது இது: நடுவே ஒரு கேள்வியைப் போட்டு, தனியே யோசித்து விடை குறிக்கச் சொல்லி, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொல்கிறார். அதற்குப் பிறகு மறுபடியும் விடை கேட்கிறார். கருவி எதுவும் வேண்டாம். கையைத் தூக்கச் சொன்னாலே போதும். நம் பொருளியல் வகுப்பில் அந்த இரண்டு நிமிடம் இருந்திருந்தால் மைனஸ் எங்கே போனது என்ற கேள்வி வெளியே வந்திருக்கும். “புரிஞ்சுதா?” என்று கேட்பதற்குப் பதிலாக, புரியாத ஒன்றை ஒரு துண்டுத்தாளில் பெயர் போடாமல் எழுதித் தரச் சொல்லலாம். தமிழில் எழுதலாம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எழுத மாட்டார்கள். பருவத்தின் முதல் வகுப்பைப் பாடத்திட்டம் எழுதிப்போடுவதோடு முடிக்காமல், நான் உங்களிடம் எதிர்பார்ப்பது இவை, நீங்கள் என்னிடம் எதிர்பார்க்கலாம் என்பவை இவை என்று இரண்டு பக்கமும் பேசுவதற்கு வைத்துக்கொள்ளலாம். நேரத்துக்கு வருவது இரண்டு பட்டியலிலும் இருக்கட்டும்.

மதிப்பெண்ணில் சேராத எதுவும் நம் அமைப்பில் நிலைப்பதில்லை என்பதால் அங்கேயும் கைவைக்க வேண்டும். கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் நூற்றுக்கு 25 மதிப்பெண் உள்மதிப்பீடு. அதில் வருகைக்கென்றே ஐந்தை ஒதுக்கும் கல்லூரிகள் உண்டு. வருகைக்குத் தண்டனை ஏற்கெனவே ஹால் டிக்கெட்டில் இருக்கிறது. அதற்கே மீண்டும் ஐந்து மதிப்பெண் கொடுப்பதில் பொருளில்லை. அந்த ஐந்தைப் பருவம் முழுவதும் மாணவர் எழுதித் தரும் கேள்விகளுக்கும், உடன் படிப்பவர்களுக்கு ஒரு பாடப்பகுதியை விளக்கிச் சொல்வதற்கும் கொடுக்கலாம். மேடையில் பேசக் கூசுபவர் நாலு பேர் உள்ள சிறு குழுவில் விளக்கட்டும். இதற்கு அரசாணை வேண்டாம், கூடுதல் நிதி வேண்டாம். தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும் கூடித் தீர்மானம் போட்டாலே செய்துவிடலாம். அந்தக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்துக்கு முதல் தலைமுறை மாணவர்கள் இரண்டு பேரையும் அழைத்து உட்காரவைத்துக் கேளுங்கள்.